மூடிய தட்டுக்குள் என்ன? உளவியல் திரில்லரும் இரண்டு நடிகைகளின் பகையும்

ஓடிடி தளங்களில் இன்று எந்தப் படத்தைத் திறந்தாலும் ‘சைக்கலாஜிகல் திரில்லர்’ என்று ஒரு வரி ஒட்டியிருக்கிறது. கொலைகாரன் கொஞ்சம் விநோதமாகச் சிரித்தால் அந்தப் பெயர் கிடைத்துவிடுகிறது. கடைசிப் பத்து நிமிடத்தில் ஒரு திருப்பம் இருந்தாலும் கிடைத்துவிடுகிறது. கதையில் ஒரு மனநல மருத்துவர் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். பெயர் இப்படி மலிந்துபோனதில், அது எதைச் சொல்ல வந்தது என்பதே மறந்துபோயிற்று.

இந்த வகையைப் புரிந்துகொள்ள எனக்குத் தெரிந்த எளிய வழி, 1962இல் ஹாலிவுட்டில் வெளியான ‘வாட் எவர் ஹேப்பன்ட் டு பேபி ஜேன்?’ என்ற கறுப்பு வெள்ளைப் படத்தைப் பிரித்துப் பார்ப்பது. ஹென்றி ஃபாரெல் 1960இல் எழுதிய நாவலை வைத்து ராபர்ட் ஆல்ட்ரிச் இயக்கிய படம். பெட்டி டேவிஸ், ஜோன் கிராஃபோர்டு என்ற இரண்டு பெரிய நடிகைகள் அக்கா தங்கையாக நடித்தார்கள். டேவிஸ் தங்கை ஜேன், கிராஃபோர்டு அக்கா ப்ளாஞ்ச். ஆனால் இதைப் பற்றிப் பேச்செடுத்தால் படம் பின்னால் போய்விடுகிறது. அந்த இருவரும் போட்ட சண்டை முன்னால் வந்து உட்கார்ந்துகொள்கிறது. யார் யாரை உதைத்தார், யார் யாருடைய விருதைக் கெடுத்தார் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

ஆக, படத்தின் வகையும் அரைகுறையாகப் பேசப்படுகிறது, படத்துக்குப் பின்னாலிருந்த பகையும் அரைகுறையாகப் பேசப்படுகிறது. இரண்டையும் சேர்த்தே பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை. படத்தின் முடிவைச் சொல்லாமல் இதை விளக்க முடியாது. படம் வந்து அறுபது ஆண்டுகள் கடந்துவிட்ட தைரியத்தில் சொல்லப்போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து மீதியைப் படிக்கலாம். கட்டுரை எங்கும் ஓடிவிடாது.

## மாடிப்படியில் கேட்கும் காலடி

கோபக்காரத் தகப்பன் இருக்கும் வீட்டில் வளரும் பிள்ளைகளுக்கு ஒரு திறமை தானாக வந்துவிடும். வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தத்தை வைத்தே அன்றைய வானிலையைச் சொல்லிவிடுவார்கள். மெதுவாகக் கழற்றினால் பள்ளிச் சுற்றுலாவுக்குப் பணம் கேட்கலாம். வீசிக் கழற்றினால் புத்தகத்தை விரித்து வைத்துக்கொள்ள வேண்டும். சத்தமே கேட்காவிட்டால்தான் வயிற்றைக் கலக்கும்.

அடி விழுந்தால் வலித்துவிட்டு முடிந்துவிடும். அடி விழுவதற்கு முந்தைய அந்த அரை நிமிடம் இருக்கிறதே, அதில்தான் பயம் குடியிருக்கிறது. இன்னொருவர் மனத்துக்குள் என்ன ஓடுகிறது என்று தெரிந்தே ஆகவேண்டும். ஆனால் நேராகக் கேட்க முடியாது. காலடி, இருமல், கதவைச் சாத்தும் வேகம் ஆகியவற்றிலிருந்து ஊகிக்க வேண்டும். ஊகம் தப்பினால் விலை கொடுக்க வேண்டும்.

உளவியல் திரில்லர் என்பது இந்த அரை நிமிடத்தை இரண்டு மணி நேரமாக நீட்டுகிற கதை. ஆபத்து ஒரு மனிதரின் மனத்துக்குள் இருக்கிறது. கதையில் மாட்டிக்கொண்டவரும் சரி, பார்க்கிற நாமும் சரி, அந்த மனத்தைப் படிக்க முயன்றுகொண்டே இருக்கிறோம். மற்ற திரில்லர்களில் ‘ரயில் போய்ச் சேருமா’, ‘பணப்பெட்டி கிடைக்குமா’ என்று கேட்போம். இங்கே கேள்வி ஒன்றுதான்: இவள் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாள்?

‘உளவியல்’ என்ற சொல்லைப் பலர் ‘மனநோய்’ என்று படித்துவிடுகிறார்கள். அதனால்தான் கத்தி பிடித்த பைத்தியக்காரன் வரும் படமெல்லாம் இந்த அலமாரிக்குள் வந்து சேர்கிறது. கதையில் யாருக்கும் எந்த நோயும் இல்லாமலேயே உளவியல் திரில்லர் எழுதலாம். நோய் இருந்தாலும் அதற்குப் பெயர் சூட்டுவது அதன் வேலை அல்ல.

## ஒரு வீடு, இரண்டு பெண்கள்

கதை 1917இல் தொடங்குகிறது. ஜேன் ஹட்சன் மேடையில் ஆடிப் பாடும் குழந்தை நட்சத்திரம். அவளைப் போலவே செய்த பொம்மைகளை அரங்க வாசலில் விற்கிறார்கள். அக்கா ப்ளாஞ்ச் திரைக்கு ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். 1930களில் எல்லாம் தலைகீழாகிறது. ப்ளாஞ்ச் பெரிய திரைப்பட நட்சத்திரம். ஜேனை யாருக்கும் வேண்டாம். பிறகு 1935இல் ஓர் இரவு, வீட்டு வாசலில், ஒரு கார் விபத்து. ப்ளாஞ்சின் முதுகெலும்பு உடைகிறது. குடிபோதையில் ஜேன்தான் காரை ஏற்றினாள் என்று ஊரே நம்புகிறது. ஜேனும் நம்புகிறாள்.

அங்கிருந்து கதை நேரே படம் எடுக்கப்பட்ட காலத்துக்குத் தாவுகிறது. ப்ளாஞ்ச் மாடி அறையில் சக்கர நாற்காலியில் இருக்கிறாள். ஜேன் கீழே குடித்துக்கொண்டும், அக்காவுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டும், தான் இன்னும் அந்தக் குழந்தைதான் என்று நம்பிக்கொண்டும் இருக்கிறாள். நடுவில் ஒரு படிக்கட்டு. இந்தப் படத்தில் அந்தப் படிக்கட்டுக்குச் சம்பளம் கொடுத்திருக்கலாம். அவ்வளவு வேலை செய்கிறது. நாற்காலியில் இருப்பவளால் அதில் இறங்க முடியாது. ஏறி வருகிறவளின் காலடி மட்டும் கேட்கும்.

## மூடிய தட்டு

ப்ளாஞ்ச் ஒரு பறவை வளர்க்கிறாள். கூண்டைச் சுத்தம் செய்தபோது அது பறந்துவிட்டது என்கிறாள் ஜேன். மதியம் சாப்பாடு வருகிறது, வெள்ளித் தட்டில், மூடி போட்டு. ப்ளாஞ்ச் மூடியைத் திறக்கிறாள். உள்ளே அந்தப் பறவை.

இது அதிர்ச்சி. அதிர்ச்சி என்றால், எதிர்பாராதது திடீரென்று நடப்பது. பலூன் வெடிப்பது மாதிரி. ஒரு நொடிதான் அதற்கு ஆயுள்.

அடுத்த வேளை அதே தட்டு, அதே மூடி வருகிறது. இப்போது உள்ளே நல்ல சோறே இருக்கலாம். ஆனால் ப்ளாஞ்சுக்குக் கை நீளவில்லை. பசிக்கிறது, திறக்க முடியவில்லை. நாமும் அந்த மூடியையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். இது சஸ்பென்ஸ்: ஏதோ நடக்கப்போகிறது என்று தெரிந்து, எப்போது என்று தெரியாமல் காத்திருப்பது. குக்கரில் மூன்றாவது விசிலுக்குக் காத்திருக்கும்போது காதைப் பொத்தத் தயாராக இருக்கும் குழந்தையைப் பார்த்திருப்பீர்கள். விசில் அடித்த பிறகு அந்தக் குழந்தை சிரித்துவிடும். அடிப்பதற்கு முன்னால்தான் முகம் அப்படி இருக்கும்.

ஆல்ட்ரிச் இங்கே ஒரு படி மேலே போகிறார். இன்னொரு நாள் ஜேன் தட்டை வைத்துவிட்டு அறையை விட்டு வெளியேறும்போது, வீட்டு நிலவறையில் எலிகள் இருக்கின்றன என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறாள். அவ்வளவுதான். பிறகு ப்ளாஞ்சும் அந்தத் தட்டும் மட்டும். திறந்ததும் நமக்கு எலியைவிட அதிகமாக நினைவில் நிற்பது, ப்ளாஞ்ச் சக்கர நாற்காலியில் வட்டமிட்டுச் சுழல்வதும், அதை மேலிருந்து கேமரா பார்ப்பதும்தான். சக்கரம் இருக்கிறது, போக இடம் இல்லை.

செத்த எலி யாரையும் கொன்றுவிடாது. பயமுறுத்துவது அதைச் சமைக்கும் அக்கறையோடு தட்டில் அலங்கரித்து, மூடி போட்டு, படியேறிக் கொண்டுவந்த மனம். நாம் தட்டைப் பார்த்து அந்த மனத்தைப் படிக்கிறோம்.

இதுவரை பார்த்தது: அதிர்ச்சி நொடியில் முடியும், சஸ்பென்ஸ் நீடிக்கும். உளவியல் திரில்லரில் அந்தக் காத்திருப்பு ஒரு மனிதரின் அடுத்த எண்ணத்துக்கான காத்திருப்பு.

## நமக்குத் தெரியும் என்று நாம் நினைத்தது

இரண்டாவது கருவி, பார்வைக் கோணம். யார் அறிந்ததை மட்டும் நமக்குக் காட்டுகிறார்கள் என்பதுதான் அது. ஒரு தெருச் சண்டையைப் பற்றி முதலில் யாரிடம் கேட்டோமோ அவர் பக்கம் நாம் சாய்ந்துவிடுவதைப் போல, படமும் முதலில் யாருடைய அறையில் நம்மை உட்கார வைக்கிறதோ அவரை நம்பிவிடுகிறோம். இங்கே நம்மை மாடியில் உட்கார வைக்கிறார்கள். தொலைபேசி பிடுங்கப்பட்டவள், ஜன்னல் வழியே துண்டுச்சீட்டு வீசுகிறவள், கைப்பிடியைப் பற்றித் தொங்கிக்கொண்டு படி இறங்குகிறவள். அவளைச் சந்தேகிக்க யாருக்கு மனம் வரும்?

இப்போது 1935 விபத்துக் காட்சிக்குத் திரும்புங்கள். ஒருத்தி இறங்கி வாசல் கதவைத் திறக்கப் போகிறாள், இன்னொருத்தி காரை ஓட்டுகிறாள். கால்கள் தெரிகின்றன, கதவு தெரிகிறது, உடைந்த பொம்மைத் தலை தெரிகிறது. முகங்கள் தெரிவதில்லை. ‘ஜேன்தான் ஓட்டினாள்’ என்று படம் அந்த இடத்தில் நமக்குக் காட்டவே இல்லை. நாமாகவே எழுதிக்கொண்டோம்.

கடைசியில், கடற்கரை மணலில் சாகும் நிலையில் கிடக்கும் ப்ளாஞ்ச் உண்மையைச் சொல்கிறாள். காரை ஓட்டியது அவள். தங்கையை நசுக்க நினைத்தாள். தங்கை விலகிவிட்டாள், முதுகு உடைந்தது தனக்கு. போதையில் இருந்த ஜேனுக்கு எதுவும் நினைவில்லை என்பதால் பழியை அவள்மேல் போட்டாள். கால் நூற்றாண்டுக்கும் மேலாக அந்தப் பழியைச் சுமக்க விட்டாள். கேட்டதும் ஜேன் கோபப்படவில்லை. அப்படியென்றால் இத்தனை காலமும் நாம் நட்பாக இருந்திருக்கலாமே என்கிறாள்.

நல்ல உளவியல் திரில்லரில் திருப்பம் இப்படித்தான் இருக்கும். புதிதாக ஒரு வில்லனைக் கூரையிலிருந்து இறக்கிவிடுவது திருப்பமே அல்ல, தயாரிப்பாளருக்குச் செலவு. ஏற்கெனவே பார்த்த காட்சிகளுக்கே வேறு பொருள் வரவேண்டும்.

சுருக்கமாக: பார்வைக் கோணம் நம்மை ஒருவர் பக்கம் சாய்க்கிறது, காட்டாமல் விட்ட இடத்தை நாமே நிரப்புகிறோம், திருப்பம், நாம் நிரப்பியதைத் தட்டிவிடுகிறது.

## திரையில் ஓடிய பழைய படங்கள்

நடிகைகளுக்கு வருவோம். அதற்கு ஸ்டுடியோ முறை என்ற ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1920களிலிருந்து 1940களின் இறுதிவரை ஹாலிவுட்டில் நடிகர்கள் மாதச் சம்பளக்காரர்களைப் போல ஒரு நிறுவனத்தோடு நீண்ட ஒப்பந்தத்தில் கட்டுண்டிருந்தார்கள். எந்தப் படம், எந்த வேடம் என்பதை நிறுவனமே முடிவு செய்யும். மறுத்தால் சம்பளம் நிற்கும். நின்ற நாட்கள் ஒப்பந்தக் காலத்தோடு கூட்டப்படும்.

கிராஃபோர்டின் பெயரே ஸ்டுடியோ கொடுத்தது. லூசில் லெசூர் என்ற பெயர் எம்ஜிஎம் நிறுவனத்துக்குப் பிடிக்கவில்லை என்பதால், 1925இல் ஒரு பத்திரிகைப் போட்டி நடத்தி வாசகர்களைக் கொண்டு புதுப் பெயர் தேர்ந்தெடுத்தார்கள். டேவிஸ் வேறு வகை. வார்னர் பிரதர்ஸ் கொடுத்த வேடங்கள் பிடிக்காமல் 1936இல் இங்கிலாந்துக்குப் போய்ப் படம் நடிக்க முயன்றார், நிறுவனம் லண்டன் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது, டேவிஸ் தோற்றார். ‘வார்னர் பிரதர்ஸ் எதிர் நெல்சன்’ என்ற அந்த வழக்கை இந்தியாவில் ஒப்பந்தச் சட்டம் படிக்கும் மாணவர்களும் படிக்கிறார்கள். நெல்சன் என்பது டேவிஸின் அப்போதைய கணவரின் குடும்பப் பெயர். தேர்வுக்கு மனப்பாடம் செய்கிறவர்களில் எத்தனை பேருக்கு அது பேபி ஜேன் என்று தெரியுமோ.

படத்தில் ஒரு காட்சி. 1930களில் ஸ்டுடியோக்காரர்கள் ஜேன் நடித்த படத்தைப் போட்டுப் பார்த்து, இவளுக்கு நடிப்பே வராது என்று தலையில் அடித்துக்கொள்கிறார்கள். அவர்கள் பார்ப்பது டேவிஸ் 1933இல் வார்னருக்காக உண்மையாகவே நடித்த படங்களின் துண்டுகள். ப்ளாஞ்சின் பழைய வெற்றிப் படம் என்று தொலைக்காட்சியில் காட்டுவதோ கிராஃபோர்டு நடித்த 1934ஆம் ஆண்டுப் படம்; அதில் அவர் அழகாக ஜொலிக்கிறார். எதிராளியின் பழைய படம் திறமைக்குச் சான்றாகவும், தன் பழைய படம் திறமையின்மைக்குச் சான்றாகவும் காட்டப்பட டேவிஸ் சம்மதித்திருக்கிறார். ஜேனின் முகத்தில் சுண்ணாம்பு அடித்ததுபோல் அப்பியிருக்கும் பவுடரும் டேவிஸின் யோசனைதான். ஜேன் முகம் கழுவுகிறவள் அல்ல, பழைய பூச்சின்மேலேயே புதுப் பூச்சு போடுகிறவள் என்று அவர் முடிவு செய்திருந்தார்.

1962இல் அரங்குக்குப் போன அமெரிக்க ரசிகர் இந்த இருவரையும் முப்பது ஆண்டுகளாக அறிந்தவர். கதாபாத்திரங்களின் முன்கதை, அதாவது படம் தொடங்குவதற்கு முன் நடந்தவை, பாதி திரையில் இருந்தது. மீதி அவர் தலைக்குள்ளேயே இருந்தது. பகை பற்றிய கிசுகிசுவும் அதோடு சேர்ந்து வேலை செய்தது.

## சண்டை: நடந்ததும் ஒட்டிக்கொண்டதும்

முதலில் பலருக்குத் தெரியாத ஒன்று. டேவிஸை இந்தப் படத்துக்கு அழைத்தவரே கிராஃபோர்டுதான். நியூயார்க்கில் டேவிஸ் மேடை நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்தபோது, அரங்கத்தின் பின்புறம் போய்ப் பார்த்துப் பேசினார். அதன் பிறகும் பணம் போட ஆள் கிடைப்பது எளிதாக இல்லை. இந்த இரண்டு கிழவிகளுக்கு ஒரு காசு தரமாட்டோம் என்று ஸ்டுடியோக்காரர்கள் சொன்னதாக டேவிஸே தொலைக்காட்சியில் சொல்லிச் சிரித்தார். அப்போது அவருக்கு 54 வயது. அடுத்த ஆண்டு, 59 வயது கேரி கிரான்ட் தன்னைவிட 25 வயது இளைய ஆட்ரி ஹெப்பர்னுக்கு ஜோடியாக நடித்தார். அவரை யாரும் கிழவர் என்று சொல்லவில்லை. கடைசியில் சுமார் பத்து லட்சம் டாலரில், ஒரே கோடைக்காலத்தில் படப்பிடிப்பை முடித்து, அக்டோபர் இறுதியில் வெளியிட்டும் விட்டார்கள். தினமும் குடுமிப்பிடிச் சண்டை நடந்த இடத்தில் இந்த வேகம் வராது. ஒருவரையொருவர் பிடிக்காதுதான், ஆனால் வேலையில் ஒழுங்காக நடந்துகொண்டார்கள் என்று ஆல்ட்ரிச் பின்னாளில் சொன்னார்.

கதைகளாகச் சுற்றுபவை இவை: உதைக்கும் காட்சியில் டேவிஸ் நிஜமாகவே உதைத்தார், தன்னைத் தரையில் இழுத்துச் செல்லும் காட்சிக்காகக் கிராஃபோர்டு உடைக்குள் கனமான பொருளைக் கட்டிக்கொண்டு டேவிஸின் முதுகைப் பதம் பார்த்தார், பெப்ஸி நிறுவனத் தலைவரின் விதவையான கிராஃபோர்டை வெறுப்பேற்ற, டேவிஸ் படப்பிடிப்புத் தளத்தில் கோக் இயந்திரம் வைத்தார். சொல்பவருக்குச் சொல்பவர் விவரம் மாறும். தையல் போட்டதாக ஒருவர் சொன்னால், கால் பட்டதே இல்லை என்பார் இன்னொருவர். சுவைக்காகச் சொல்லலாம், சாட்சியமாகக் கொள்ள முடியாது.

ஐயமில்லாமல் நடந்தது வேறு. அந்தப் படத்துக்காக டேவிஸ் ஆஸ்காருக்குப் பரிந்துரைக்கப்பட்டார், கிராஃபோர்டுக்குப் பரிந்துரை கிடைக்கவில்லை. உடனே கிராஃபோர்டு போட்டியிலிருந்த மற்ற நடிகைகளைத் தொடர்புகொண்டு, நீங்கள் வர முடியாவிட்டால் உங்கள் சார்பில் நான் விருதை வாங்கிக்கொள்கிறேன் என்றார். 1963 ஏப்ரல் 8 அன்று, சான்டா மோனிகா அரங்கில், மேடை ஓரத்தில் இருவரும் காத்திருந்தார்கள். டேவிஸ் ஏற்கெனவே இரண்டு ஆஸ்கார் வாங்கியவர். அறிவிக்கப்பட்ட பெயர் ஆன் பான்கிராஃப்ட். அவர் நியூயார்க்கில் நாடகத்தில் இருந்தார். டேவிஸைக் கடந்து கிராஃபோர்டு மேடைக்கு நடந்து போய், சிரித்த முகத்தோடு விருதை வாங்கிக்கொண்டார்.

இதில் எனக்கு வேடிக்கையாகப் படுவது கணக்கு. இருவருமே படத்தின் லாபத்தில் பங்கு பெறுகிறவர்கள். கிராஃபோர்டு முன்சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு பங்கை அதிகமாக வாங்கியிருந்தார். டேவிஸுக்கு விருது கிடைத்திருந்தால் வசூல் ஏறியிருக்கும், கிராஃபோர்டின் பையும் கனத்திருக்கும். தன் காசுக்கு எதிராகவே அவர் வேலை செய்ததாக டேவிஸ் சாகும்வரை புலம்பினார்.

1964இல் இருவரையும் வைத்து ஆல்ட்ரிச் இன்னொரு படம் தொடங்கினார். லூசியானாவில் சில நாள் படப்பிடிப்போடு கிராஃபோர்டு மருத்துவமனையில் சேர்ந்தார். அவர் இடத்துக்கு ஒலிவியா டி ஹாவிலண்ட் வந்தார். ஸ்டுடியோ ஒப்பந்தத்தை இஷ்டத்துக்கு நீட்டக் கூடாது என்று 1944இல் கலிபோர்னியா நீதிமன்றத்தில் வழக்கு வென்றவர் அதே ஒலிவியாதான். 2017இல் இந்தப் பகை தொலைக்காட்சித் தொடராக வந்தபோது, நூறு வயதைத் தாண்டியிருந்த அவர், அதில் தன்னைத் தவறாகக் காட்டியதாக வழக்குத் தொடுத்தார். இந்த முறை தோற்றார்.

இந்தப் பகுதியின் சாரம்: வெறுப்பு உண்மை, ஆஸ்கார் இரவு உண்மை. உதையும் எடையும் கோக்கும் வாய்க்கு வாய் வளர்ந்தவை. இருவரையும் ஒரே நெருக்கடியில் தள்ளியது, ஐம்பதைத் தாண்டிய நடிகைக்கு வேடம் தராத தொழில்.

## இரண்டாம் முறை பார்க்கும்போது

படத்தை ஏற்கெனவே பார்த்தவர்கள், சண்டைக் கதைகளை ஒரு மணி நேரம் மறந்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். டேவிஸை விட்டுவிடுங்கள், அவர் எப்படியும் கண்ணை இழுத்துக்கொள்வார். கிராஃபோர்டைப் பாருங்கள். ஜேனுக்குத் தெரியாமல் வீட்டை விற்கவும், அவளை வேறு எங்காவது பராமரிப்பில் விடவும் ப்ளாஞ்ச் ஏற்பாடு செய்கிறாள். முதல் முறை அது பொறுமை இழந்த ஒரு நல்ல அக்காவின் முடிவு. விபத்து பற்றிய உண்மை தெரிந்த பிறகு, ஜேனைப் பற்றி ப்ளாஞ்ச் மென்மையாகப் பேசும் ஒவ்வொரு இடத்திலும் அந்தப் பெரிய கண்கள் ஒரு நொடி வேறு எங்கோ பார்ப்பதுபோல் எனக்குத் தோன்றுகிறது. கிராஃபோர்டு அதைத் தெரிந்துதான் செய்தார் என்று நினைக்கிறேன்.